கடல் பக்கம் கெட்டி, கரைப் பக்கம் சுணக்கம்: சிங்கப்பூர் மரீனா பே உல்லாசக் கப்பல் நிலையம்

சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏறும் இடம் இரண்டு இருக்கிறது. ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் விவோசிட்டி கடைத்தொகுதியை ஒட்டிய பழைய நிலையம். மற்றொன்று, இங்கே நாம் எடைபோடப் போவது, மரீனா சவுத் பகுதியில் 2012 மே மாதம் திறந்த மரீனா பே உல்லாசக் கப்பல் நிலையம். பயணச்சீட்டைப் பிரித்துப் பார்க்காமல் டாக்சியில் ஏறி "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தப்பான துறையில் போய் இறங்க நேரும். பழைய நிலையத்தின் பெயரே சிங்கப்பூர் குரூஸ் சென்டர் என்பதால் ஓட்டுநரைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய கப்பல் என்றால் அநேகமாக மரீனா பேதான். ஆனாலும் சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் கணக்கு.

இந்த இடத்தைக் கப்பலுக்காகக் கட்டினார்கள். கப்பல் வந்து அணையும் பக்கத்தில் குறை கண்டுபிடிப்பது கடினம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஆள் வந்து சேரும் பக்கத்தில் குறையைத் தேடவே வேண்டாம், தானாக வந்து காலில் இடறும்.

இரண்டாவது துறை ஏன் வந்தது

ஹார்பர்ஃபிரண்ட் நிலையம் 1991-ல் தொடங்கியது. ரயில், கடைகள், சாப்பாடு எல்லாம் காலடியில். ஆனால் தலைக்கு மேலே ஒரு கம்பி ஓடுகிறது. ஃபேபர் மலைக்கும் செந்தோசாத் தீவுக்கும் இடையே 1974 முதல் ஓடும் கேபிள் கார் அது. அந்தக் கம்பிகளால் பழைய நிலையத்துக்கு வரும் கப்பலின் உயரம் 52 மீட்டருக்குள் அடங்க வேண்டும். இதில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1983 ஜனவரி 29-ஐ நினைவுபடுத்தலாம். எனிவெட்டோக் என்ற எண்ணெய்த் துளையிடும் கப்பலை இழுத்துச் சென்றபோது அதன் கோபுரம் கம்பியில் மாட்டி, இரண்டு கேபிள் கார்கள் கடலில் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள்.

உல்லாசக் கப்பல்களோ ஆண்டுக்கு ஆண்டு மாடிமேல் மாடி கட்டி வளர்ந்தன. ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பல் நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 72 மீட்டர் நிற்கிறது. அது பழைய துறைக்கு வர வழியே இல்லை. கேபிள் காரைப் பிரித்துப் போடுவதா, புதுத் துறை கட்டுவதா என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான்.

சரக்குத் துறைமுகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கணக்கு தலைகீழாகத் தெரியும். பெரிய கொள்கலன் கப்பல் முழுச் சுமையோடு வந்தால் 16 மீட்டர் தண்ணீர் கேட்கும். மேலே சொன்ன ஓயாசிஸ் கப்பலுக்கு அடியில் மூழ்கியிருப்பது 9 மீட்டரும் சொச்சமும்தான். ஆகவே மரீனா பேயில் 11 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழமே போதுமானதாக இருக்கிறது. ஆழத்தை விட இங்கே மதிப்புள்ளவை மூன்று: உயரத்தடை இல்லாத வானம், முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் தன் இடத்திலேயே திரும்பக்கூடிய அகலம், அலை அடிக்காத நீர். மரீனா சவுத்தில் மூன்றும் கிடைத்தன. நிலம் கடலைத் தூர்த்து உண்டாக்கியது என்பதால் யாரையும் காலி செய்யவும் தேவைப்படவில்லை.

ஆழம் குறைவு, உயரம் அதிகம் என்பதற்கு ஒரு விலை உண்டு. அது காற்று. இருபது மாடிக் கட்டடம் போல எழுந்து நிற்கும் கப்பலின் பக்கச் சுவர் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். சிங்கப்பூரில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அவ்வப்போது வரும் 'சுமத்ரா' சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோதான் வீசும். பல கப்பல்கள் துறைக்குள் வருவதும் அதே வேளையில். காற்று மீறினால் மாலுமி அவசரப்பட மாட்டார், வெளியே நின்று காத்திருப்பார். காலை ஏழு மணிக்கு அணையும் என்று அச்சிட்டிருக்கும் கப்பல் எட்டரைக்கு அணைந்தால் அதற்கு நிலையத்தைத் திட்டிப் பயனில்லை.

இரண்டு அணைதளங்கள். ஒன்று 335 மீட்டர், இன்னொன்று 360. ஜெண்டிங் டிரீம் கப்பலின் நீளம் 335 மீட்டர், ராயல் கரீபியனின் குவாண்டம் வகை ஏறக்குறைய 348. கப்பலின் நீளமும் தளத்தின் நீளமும் பொருந்தினால் மட்டும் போதாது. முன்னும் பின்னும் கயிறுகள் சாய்வாக ஓடிக் கட்டப்பட வேண்டும். கப்பல் சுவருக்கும் கரைக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓதத்தின் ஏற்றவற்றம் பெரிய நாள்களில் 3 மீட்டரை நெருங்கும். அதனால் பயணிகள் நடந்து ஏறும் பாலம் ஒரே உயரத்தில் நிலையாக நிற்க முடியாது, கப்பலோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். விமான நிலையத்துப் பாலம் போலவே கண்ணாடி அடைத்த பாலங்கள் இங்கே இருக்கின்றன. மழையில் நனையாமல், படிக்கட்டு ஏறாமல் கப்பலுக்குள் போய்விடலாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு இது பெரிய நன்மை. ஓதம் உச்சத்திலோ அடியிலோ இருக்கும் வேளையில் பாலத்தின் சரிவு கூடும். நாற்காலி தள்ள ஊழியர் உதவியைச் சீட்டுப் போடும்போதே கேட்டு வைத்துவிட வேண்டும், அங்கே வந்து கேட்டால் காத்திருக்க நேரும்.

கட்டடம் 28,000 சதுர மீட்டர், செலவு 50 கோடி வெள்ளி. (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்.) நடத்துவது சாட்ஸ்-குரேர்ஸ் என்ற கூட்டு நிறுவனம். சாங்கி விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடும் தரைச் சேவையும் தரும் சாட்ஸ் ஒரு பக்கம், பார்சிலோனா துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்களைக் கையாண்ட குரேர்ஸ் மறுபக்கம். உள்ளே எல்லாமே விமான நிலைய வாடையோடு இருப்பதன் காரணம் இதுதான். பெட்டி ஒப்படைப்பு, பதிவு, பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவு, பாலம் என்ற அதே வரிசை. விமானம் ஏறத் தெரிந்தவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

போய்ச் சேருவது

இப்போது கரைப் பக்கம். நிலையம் திறந்தது 2012 மே. அருகிலுள்ள மரீனா சவுத் பியர் ரயில் நிலையம் திறந்தது 2014 நவம்பர் 23. நடுவில் இரண்டரை ஆண்டு. 50 கோடி வெள்ளிக்குத் துறை கட்டி, 5,000 பேர் இறங்கும் நாளில் பேருந்தையும் டாக்சியையும் மட்டும் நம்பி ஓட்டினார்கள். கப்பலுக்கு இடம் தயார், ஆளுக்கு வழி பிறகு. அந்தக் காலத்து டாக்சி வரிசைதான் இந்த நிலையத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் 'மரீனா' என்ற பெயர் இன்னும் ஆளைக் குழப்புகிறது.

மரீனா பே ரயில் நிலையம் வேறு. மரீனா பே சேண்ட்ஸ் ஹோட்டல் வேறு, அதற்கு இறங்க வேண்டியது பேஃபிரண்ட் நிலையம். கப்பலுக்குப் போகிறவர்கள் இறங்க வேண்டியது வடக்கு தெற்கு ரயில் பாதையின் தென்கோடி நிலையமான மரீனா சவுத் பியர், எண் என்எஸ் 28. அங்கே இறங்கிய பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படகுத்துறையின் பெயரும் மரீனா சவுத் பியர்தான். 2006-ல் கிளிஃபர்ட் பியர் மூடியபோது அதற்குப் பதிலாக வந்தது அது. குசுத் தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் படகு ஏறுகிறவர்களின் இடம். பெட்டியோடு அந்த வாசலில் நுழைந்து கப்பலைத் தேடாதீர்கள். உல்லாசக் கப்பல் நிலையம் இன்னும் சற்றுத் தள்ளி, கூரை போட்ட நடைபாதையில் கிட்டத்தட்ட பத்து நிமிட நடை. கூரை இருப்பதால் மழை படாது. வெக்கை படும். இழுக்கும் சக்கரம் சரியில்லாத பெட்டி என்றால் அந்தப் பத்து நிமிடம் இருபதாகும்.

லிட்டில் இந்தியாவில் தங்குகிறவர்களுக்கு ரயில் மிக எளிது. வடகிழக்குப் பாதையில் ஒரே நிறுத்தம் போய் தோபி காட்டில் இறங்கி, வடக்கு தெற்குப் பாதைக்கு மாறினால் நான்காவது நிறுத்தம். ஃபேரர் பார்க்கில், முஸ்தஃபா பேரங்காடிப் பக்கம் தங்கினால் இன்னும் ஒரு நிறுத்தம் கூடும். ஒன்று மட்டும் கவனம்: தோபி காட்டில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நடை நீளம், மின்தூக்கியைத் தேடிப் போனால் இன்னும் நீளம். சாங்கியிலிருந்து நேராக வருகிறவர்கள் தானா மேராவில் ஒருமுறையும் ராஃபிள்ஸ் பிளேஸிலோ சிட்டி ஹாலிலோ ஒருமுறையும் மாற வேண்டும். கட்டணம் மூன்று வெள்ளிக்குள் முடியும். தனியாகச் சீட்டு வாங்கத் தேவையில்லை, வங்கி அட்டையைத் தொட்டாலே போதும். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள்.

நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் ரயிலை மறந்துவிடுங்கள். டாக்சியோ கிராப் செயலியில் அழைக்கும் வண்டியோ சாங்கியிலிருந்து நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணிக்குள் கொண்டு வந்துவிடும். முகவரியாக 61, மரீனா கோஸ்டல் டிரைவ் என்று கொடுத்தால் குழப்பம் இல்லை.

சாப்பாடுதான் இந்த நிலையத்தின் உண்மையான ஏழ்மை. ஹார்பர்ஃபிரண்டில் கப்பலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கடைத்தொகுதியையே சுற்றி வரலாம். இங்கே வெளியே வந்தால் சாலை, புல், கடல். நடந்து போகும் தொலைவில் உணவங்காடி நிலையம் கிடையாது. உள்ளே கிடைப்பது பசி தணிக்க மட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம். இல்லையென்றால் கப்பலில் ஏறியதும் பஃபே திறந்திருக்கும், அதுவரை பிஸ்கட்.

ஏறும் நாள்

கப்பல் நிறுவனத்தின் இணையப் பதிவை வீட்டிலேயே முடித்திருக்க வேண்டும். முடித்தவர்களுக்கு ஏறும் நேரம் ஒன்று ஒதுக்குவார்கள். அதை மதிப்பதுதான் வரிசையைத் தவிர்க்கும் ஒரே வழி. 'சீக்கிரம் போனால் சீக்கிரம் ஏறலாம்' என்று இரண்டு மணி நேரம் முன்னதாகப் போனால், காலையில் இறங்கியவர்களின் டாக்சி வரிசையும் நீங்கள் இறங்கும் வாசலும் ஒன்றோடொன்று மோதும். கப்பலுக்குள் ஆள் இருந்த அறைகள் துடைத்து முடிகிறவரை யாரையும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே உட்கார்ந்திருக்கப் போவது மண்டபத்தில்தான்.

பெட்டியில் கட்டும் அட்டையை அச்சிட்டு, மடித்து, கைப்பிடியில் ஒட்டிக் கட்டிக் கொண்டு வர வேண்டும். வாசலில் பெட்டியைக் கொடுத்துவிட்டால் பிறகு அது அறைக் கதவுக்கு முன்னால்தான் தரிசனம் தரும், சில சமயம் மாலை ஆறு ஏழு மணிக்கு. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கடவுச்சீட்டு, மருந்து, குழந்தையின் பால், நீச்சல் உடை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். கடவுச்சீட்டு போய்விட்டால் பதிவு முகப்பில் நிறுத்திவிடுவார்கள். பெட்டியைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். கைப்பை ஒன்றில் இவற்றை வைத்து உங்களோடு கொண்டுபோங்கள்.

பெட்டிகளை ஊடுகதிரில் பார்ப்பார்கள். நம்மவர்கள் பெட்டியில் அடிக்கடி மாட்டுவது சின்ன அரிசிக் குக்கர், மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பல முனை நீட்டிப்பு வயர், ஊதுபத்தி, கற்பூரம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: கடலில் தீ. கப்பலின் மின் அமைப்பு வீட்டு அமைப்பு மாதிரி இல்லாததால், மின்வீச்சுத் தடுப்பு உள்ள நீட்டிப்பு வயர் கப்பலில் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள், ஆனால் அதை வெளியே எடுக்கும்வரை உங்கள் பெட்டி அறைக்கு வராது. அதனால் "என் பெட்டி மட்டும் வரவில்லையே" என்று கவலைப்படுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது கெட்டிலைத்தான். சமைத்த சாப்பாடு வேண்டாம். கடையில் வாங்கிப் பிரிக்காத முறுக்கும் ஊறுகாயும் பொதுவாகப் பிரச்சினை ஆவதில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு குறிப்பு. பயணம் முடியும் நாளில் 24 வாரம் தொட்டுவிடும் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கும் அதே கதி. இதைப் பதிவு முகப்பில் போய்த் தெரிந்துகொண்டால் பணமும் திரும்பாது.

சில நிறுவனங்கள் பதிவின்போதே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி இரவில் திருப்பித் தருவார்கள். ஆசியத் துறைமுகங்களில் அதிகாரிகள் கப்பலிலேயே சோதிப்பதற்கு வசதியாக இந்த ஏற்பாடு. பயப்பட ஒன்றுமில்லை, படியெடுத்து ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேரைத் தாங்கும்

நிலையம் கட்டியபோது போட்ட கணக்கு 6,800 பயணிகள். 2012-ல் அது தாராளம். சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் பயணிகள் எண்ணிக்கை 2019-ல் 18 லட்சம், 2023-ல் 20 லட்சத்தைத் தாண்டியது. இடையில் பெருந்தொற்று. 2020 நவம்பரில் எந்த ஊரையும் தொடாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களைப் பாதி ஆட்களோடு தொடங்கி, உலகம் முழுக்கக் கப்பல்கள் கட்டிக் கிடந்தபோது இந்த ஊர் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கம்தான் பின்னால் பெரிய மீனைக் கொண்டுவந்தது.

அந்தப் பெரிய மீன் டிஸ்னி அட்வென்ச்சர். 2,08,000 டன் கொள்ளளவு, 342 மீட்டர் நீளம், பயணிகள் ஏறக்குறைய 6,700 பேர். ஜெண்டிங் ஹாங்காங் நிறுவனத்துக்காக ஜெர்மனியில் குளோபல் டிரீம் என்ற பெயரில் கட்டத் தொடங்கி, 2022 ஜனவரியில் அந்த நிறுவனம் முழுகியதால் அரைகுறையாக நின்றுபோன கப்பல். டிஸ்னி வாங்கி முடித்தது. சிங்கப்பூரை வீட்டுத் துறைமுகமாகக் கொண்டு குறைந்தது ஐந்தாண்டு ஓட்டுவதாக 2023-ல் ஒப்பந்தம் அறிவித்தார்கள். முதல் பயணத்தை 2025 டிசம்பர் 15 என்று குறித்து, பிறகு 2026 மார்ச் 10-க்குத் தள்ளினார்கள். மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்கள், வேறு ஊரைத் தொடாதவை.

வீட்டுத் துறைமுகம் என்ற சொல்லில்தான் சங்கதி இருக்கிறது. வழியில் வந்து தொட்டுவிட்டுப் போகும் கப்பலில் இறங்குகிறவர்கள் கைவீசிக்கொண்டு இறங்குவார்கள், மாலையில் திரும்பி ஏறுவார்கள். பெட்டி கிடையாது. பயணம் தொடங்கி முடியும் துறையில் அப்படி இல்லை. காலையில் 6,700 பேர் பெட்டிகளோடு இறங்க வேண்டும், அதே நாளில் 6,700 பேர் பெட்டிகளோடு ஏற வேண்டும். இடையில் காய்கறி, இறைச்சி, துணி எல்லாம் லாரி லாரியாக ஏற வேண்டும், குப்பை இறங்க வேண்டும், எரிபொருள் படகிலிருந்து நிரப்ப வேண்டும். ஏறுகிறவர்களை மட்டும் கணக்குப் பார்ப்போம். ஒருவருக்கு முகப்பில் ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 10,050 நிமிடம். நான்கு மணி நேரத்தில் முடிக்க 42 முகப்புகள் இடைவிடாமல் ஓட வேண்டும். இணையப் பதிவு முடிக்காத ஒரு குடும்பம் ஒரு முகப்பைப் பத்து நிமிடம் பிடித்து வைத்தால் அந்த வரிசை முழுக்க முதுகு வலிக்கும். பக்கத்துத் தளத்தில் அதே நாள் இன்னொரு பெரிய கப்பல் நின்றால் சொல்லவே வேண்டாம்.

இதற்காகத்தான் 4 கோடி வெள்ளி செலவில் விரிவாக்கம் செய்து, கொள்ளும் அளவை 6,800-லிருந்து 11,700 ஆக உயர்த்தும் வேலையை எடுத்தார்கள். துறையின் நீளத்தையோ ஆழத்தையோ தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். கடல் பக்கம் 2012-ல் கட்டியதே இன்றைக்கும் போதுமாக இருக்கிறது. செலவெல்லாம் மண்டபத்துக்கும் வாகனம் வந்து நிற்கும் இடத்துக்கும். கட்டியபோது சுருக்கிய இடத்தில்தான் திரும்பக் காசு கொட்ட வேண்டியிருந்தது.

சென்னையோடு ஒப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் முனையத்துக்கு ஆன செலவு 17.21 கோடி ரூபாய். அங்கிருந்து 2023 ஜூனில் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குக் கிளம்பியது. அது 1990-ல் கட்டிய, 211 மீட்டர் கப்பல். அந்த அளவுக்கு அந்த முனையம் சரி. மரீனா பேயோடு ஒரே தராசில் நிறுத்துவது இரண்டுக்குமே நியாயமில்லை.

காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று முதலில் பார்க்க வேண்டும். கப்பல் ஏறும்போது நாட்டைவிட்டு வெளியேறியதாகவே கணக்கு. மூன்று நாள் கழித்துத் திரும்புவது புதிய நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா விமானத்தில் வந்தபோதே தீர்ந்துவிட்டிருக்கும். வழியில் தொடும் மலேசியா, தாய்லாந்து விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கப்பலை விட்டு இறங்கப் போவதில்லை என்றாலும் அந்தந்த நாட்டு விசா தேவையா என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் வாய்வார்த்தை முகப்பில் செல்லாது.

சிங்கப்பூர் வருகை அட்டையை விமானத்துக்கு ஒருமுறை நிரப்பியது கப்பலுக்கு ஆகாது. திரும்பும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், கடல் வழி என்று தேர்ந்தெடுத்துக் கப்பல் பெயரோடு மறுபடி நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை. நடுக்கடலில் இணையம் விலை அதிகம், கிளம்பும் தேதியைப் பொறுத்துக் கரையிலேயே முடிக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறுவதில் ஒரு நுணுக்கம். மரீனா பேயிலிருந்து கப்பலில் நாடு திரும்பும் சுற்றுப்பயணி அங்கேயே வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் சிங்கப்பூருக்கே திரும்பி வரும் சுற்றுப் பயணத்துக்கும் எங்கும் தொடாத பயணத்துக்கும் அது கிடையாது. நம்மவர்கள் போவது அநேகமாக இவ்விரண்டில் ஒன்று. ஆகவே முஸ்தஃபாவில் வாங்கிய நகைக்கும் கைப்பேசிக்கும் சாங்கியில், ஊருக்கு விமானம் ஏறும் நாளில்தான் கேட்க முடியும். பொருளைப் பிரித்துப் பயன்படுத்தாமல் கையில் வைத்திருங்கள்.

கப்பலுக்குள் இருக்கும் தீர்வையற்ற கடையில் சிகரெட் மலிவு. இறங்கும்போது சிங்கப்பூரில் ஒரு சிகரெட்டுக்குக்கூடத் தீர்வைச் சலுகை கிடையாது, சிவப்பு வழியில் போய் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். மின்சிகரெட்டும் சூயிங்கமும் கொண்டுவரவே கூடாது. மதுவுக்குச் சலுகை உண்டு, ஆனால் 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அது இல்லை. மற்ற பொருள்களுக்கு 48 மணி நேரம் கடந்தவர்களுக்கு 500 வெள்ளி மதிப்பு வரை வரி விலக்கு, அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி. இங்கே வேலை அனுமதிச்சீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது, பலருக்கு இது தெரிவதில்லை.

இறங்கும் காலை

கடைசி இரவில் நிறம் குறித்த அட்டையைக் கட்டிப் பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். வைத்தவர்கள் தங்கள் நிறத்தை அழைக்கும்வரை காத்திருந்து, மண்டபத்தில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் தேடி எடுக்க வேண்டும். கறுப்புப் பெட்டிகளின் கடல் அது, ஒரு சிவப்பு நாடா கட்டி வைத்தால் பாதி நேரம் மிச்சம். பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு இறங்க முடிந்தவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது, அவர்களை முதலில் விடுவார்கள். மறுநாள் உடுத்தும் துணியையும் செருப்பையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு இரவு உடையில் குடிநுழைவு வரிசையில் நிற்கிறவர் ஒவ்வொரு கப்பலிலும் ஒருவராவது இருப்பார்.

விமானம் அதே நாளில் என்றால் கப்பல் அணையும் நேரத்தோடு ஐந்து மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு அதற்குப் பிறகுள்ள விமானத்தைப் பிடியுங்கள். இறங்க ஒரு மணி முதல் இரண்டு மணி, டாக்சி வரிசை அரை மணி, சாங்கிக்கு அரை மணி, அங்கே இரண்டு மணி. சூறைக்காற்று வந்தால் அந்தக் கணக்கும் போதாது.

டாக்சி வரிசை நீளமாகத் தெரிந்தால் பெட்டி சின்னதாக உள்ளவர்கள் தயங்காமல் கூரை நடைபாதையில் ரயிலுக்கு நடக்கலாம். தொடக்க நிலையம் என்பதால் உட்கார இடம் நிச்சயம், பெட்டியைக் கதவோரம் நிறுத்தவும் இடம் இருக்கும். வேலை நாளில் காலை ஒன்பதரைக்கு முன்னால் என்றால் ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி மாறும்போது எதிரே அலுவலகக் கூட்டம் ஏறி வரும். பெட்டியை முன்னால் தள்ளாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்குங்கள்.